சங்கத் தேர்தல் கோளாறுகள்: எந்த அறிகுறிக்கு எந்தப் பேரேட்டைப் பிரிப்பது

பிரஸ்ஸில் போட்ட ரப்பர் வேகாமல் கொழகொழவென்று வந்தால், சரக்குக் கொடுத்தவனைத் திட்டுவதற்கு முன்னால் ஹீட்டர் சூடாகிறதா என்று பார்ப்போம். கப்பலூர் பக்கம் வாஷர், கேஸ்கட் அடிக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கும் எனக்கு அது கைப்பழக்கம். சங்கத் தேர்தல் என்று வந்துவிட்டால் மட்டும் நம்மாட்கள் யாருக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை. முடிவு பிடிக்கவில்லை என்றதும் "மோசடி" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, மறுநாள் வக்கீல் வீட்டு வாசலில் நிற்பார்கள். எந்த மோசடி, எந்தத் தேதியில், எந்த விதிக்கு மாறாக என்று வக்கீல் கேட்டால் கையில் ஒரு தாள் இருக்காது. நாலைந்து சிறு சங்கங்களுக்குத் தேர்தல் அலுவலராக உட்கார்ந்தவன், ஒரு முறை நானே கோட்டை விட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஓட்டுப்பெட்டியில் கோளாறு நடந்து நான் பார்த்தது குறைவு. அது நடப்பது இரண்டு மூன்று மாதம் முன்னதாக, உறுப்பினர் பதிவேட்டில். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் சுற்றிச் சுற்றி அந்தப் பதிவேட்டுக்கே வருவேன்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான உற்பத்தியாளர் சங்கம், சிறுதொழில் சங்கம் போன்றவற்றுக்குத்தான். தொழிலாளர் யூனியனுக்கு வேறு வழி. 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இருந்த இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. நிர்வாகிகள் தேர்தல் தகராறு அங்கே தீர்ப்பாயத்துக்குப் போகும். கூட்டுறவுச் சங்கம் இன்னொரு தனி உலகம். பதிவுச் சான்றிதழில் எந்தச் சட்டம் என்று அச்சாகியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எதையும் தொடங்குமுன்: உங்கள் பைலா எது?

பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைகள், எது என்ற கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். சங்க அலுவலகத்தில் அட்டை போட்டு அச்சடித்த ஒரு புத்தகம் இருக்கும், எல்லோரும் அதைத்தான் பைலா என்பார்கள். அது எப்போதோ ஒரு ஆண்டு விழாவுக்கு அச்சடித்ததாக இருக்கும். நடுவில் ஒரு பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவந்திருப்பார்கள், கைதட்டி நிறைவேற்றியிருப்பார்கள், அதைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பதிவாகாத திருத்தம் செல்லாது. திருத்தத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையும் போதாது. 21 நாள் முன்னறிவிப்புடன் கூடிய கூட்டத்தில், வந்து ஓட்டளிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானமாக நிறைவேற வேண்டும்.

ஆகவே முதல் வேலை, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குவது. மதுரையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பதிவு மாவட்டங்கள் உண்டு. சங்கம் எதில் பதிவாகியிருக்கிறதோ அங்கே போக வேண்டும். மாற்றிப் போய் அரை நாளைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். பதிவான பைலா, கடைசியாகத் தாக்கலான நிர்வாகக் குழுப் பட்டியல் (படிவம் 7), கடைசி ஆண்டுக் கணக்கு மூன்றுக்கும் சேர்த்தே மனுப் போடுங்கள்.

அறிகுறி: வாக்காளர் பட்டியலில் யாரென்றே தெரியாத பெயர்கள்

நான் கோட்டை விட்ட கதை இதுதான். ஒரு சங்கத்தில் (பெயர் வேண்டாம்) தேர்தல் அலுவலராக இருக்கக் கேட்டார்கள். அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்த பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இறுதி வாக்காளர் பட்டியல்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஓட்டுப்பதிவு அன்று பகல் பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு பையன் வந்தான்.

"அண்ணே, எங்கப்பா பேருக்கு நேரா யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்கண்ணே."

"அப்பா வந்துட்டுப் போயிருப்பாருப்பா."

"அவரு தவறி ரெண்டு வருசமாச்சுண்ணே."

அந்தத் தேர்தலை நான் அங்கேயே நிறுத்தினேன். நிறுத்தியதற்கு இரண்டு தரப்பும் என்னைத் திட்டின. திட்டு எனக்குத் தேவைதான். பட்டியலைப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

இப்போது நான் செய்வது இது. உறுப்பினர் பதிவேட்டை (படிவம் 6) ஒரு பக்கம், சந்தா ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை மறுபக்கம் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக டிக் அடிப்பேன். பதிவேட்டில் இருந்து ரசீது இல்லாதவர் சந்தா பாக்கி. அவருக்கு ஓட்டு உண்டா என்பதைப் பைலாதான் சொல்லும். சிலவற்றில் ஓட்டுப்பதிவு நாள் வரை கட்டலாம், சிலவற்றில் மார்ச் 31-க்குள் கட்டியிருக்க வேண்டும். ரசீது இருந்து பதிவேட்டில் இல்லாதவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பெயரை ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்.

தேர்தலுக்கு முன் மொத்தமாக ஆள் சேர்த்திருந்தால் கண்டுபிடிப்பது எளிது. புதிய உறுப்பினரை நிர்வாகக் குழு சேர்த்துக்கொண்டதாக மினிட் புத்தகத்தில் (கூட்ட நடவடிக்கைகளை எழுதும் நோட்டு) தீர்மானம் இருக்க வேண்டும். மினிட்டை முன்தேதியிட்டு எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். கடைசிக் கூட்டத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டு வைப்பதே அதற்குத்தான். ரசீதையும் முன்தேதியிடலாம். பேங்க் பாஸ்புக்குக்கு முன்தேதி போட மட்டும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நாற்பது பேர் ஜனவரியில் சந்தா கட்டியதாக ரசீது சொல்லி, பணம் ஜூலையில் ஒரே நாளில் கணக்கில் ஏறியிருந்தால் அந்த நாற்பது பேரும் ஜூலையில் சேர்ந்தவர்கள்தான். பைலாவில் "சேர்ந்து ஆறு மாதம் கழிந்தவர்க்கே ஓட்டு" என்று இருந்தால் அதோடு கதை முடிந்தது.

இன்னொரு சிக்கல் நம்மைப் போன்ற தொழில் சங்கங்களுக்கே உரியது. உறுப்பினர் ஆளா, கம்பெனியா? "மீனாட்சி எஞ்சினியரிங்" என்று ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அப்பா தொடங்கினார், பிறகு அண்ணன் தம்பி பங்குதாரர் ஆனார்கள், பிறகு பாகம் பிரிந்து ஒருவர் உறங்கான்பட்டிக்குப் போனார். தேர்தல் அன்று இருவரும் வந்து நிற்பார்கள். பைலா உறுப்பினர் என்று நிறுவனத்தைச் சொன்னால் ஒரு யூனிட்டுக்கு ஒரு ஓட்டு. அதைப் போட அதிகாரம் பெற்றவர் யார் என்று லெட்டர்பேடில் கடிதம் வாங்கி முன்கூட்டியே கோப்பில் வைக்க வேண்டும். ஓட்டுச்சாவடி வாசலில் அண்ணன் தம்பிப் பஞ்சாயத்துப் பண்ண நேரம் இருக்காது. யூனிட் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஜிஎஸ்டி எண் நடப்பில் உள்ளதா, 2020 ஜூலைக்குப் பிறகு உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்திருக்கிறதா என்று கேட்கலாம். ஆனால் இவை இல்லை என்பதற்காக மட்டும் ஓட்டை மறுக்க முடியாது. பைலாவில் அது தகுதியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சரிசெய்வது எப்போது? தேர்தல் அறிவிப்புக்கு முன்னால் என்றால் மிகச் சுலபம். வரைவுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டு, ஒரு வாரம் ஆட்சேபம் வாங்கு, ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஒரு வரியில் பதில் எழுது, பிறகு இறுதிப் பட்டியல். நீங்கள் உறுப்பினர் என்றால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். "நான் அப்பவே சொன்னேனே" என்பதற்குக் கோர்ட்டில் மதிப்பு இல்லை. சீல் வைத்த நகலுக்கு உண்டு.

அறிகுறி: பொதுக்குழுவே நடந்து முடிந்தபின்தான் தெரிந்தது

மினிட்டில் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருக்கும், உங்களுக்கோ அழைப்பே வந்திருக்காது. பெரும்பாலான பைலாக்களில் 21 நாள் முன்னறிவிப்பு, எழுத்தில். அனுப்பினோம் என்று அவர்கள் சொன்னால் எதில் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். தபாலில் என்றால் ரசீதோ, தபால் நிலைய முத்திரை விழுந்த மொத்தப் பட்டியலோ இருக்கும். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது; அதில் அனுப்பியிருந்தால் கண்காணிப்பு எண்ணும் இருக்கும். கையால் கொடுத்தோம் என்றால் கையெழுத்து நோட்டு. வாட்ஸ்அப்பில் போட்டோம் என்பது, பைலா அனுமதித்திருந்தால் ஒழிய, கூடுதல் மரியாதை மட்டுமே.

அழைப்பு வந்ததா என்பதோடு நிறுத்தாமல் எதற்கு அழைத்தார்கள் என்பதையும் பாருங்கள். நிகழ்ச்சி நிரலில் "தேர்தல்" என்ற சொல்லே இல்லாமல், "இதர விஷயங்கள்" என்பதன் கீழ் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்த கூட்டங்கள் உண்டு. அது நிற்காது.

தேதி வைப்பதிலும் ஒரு கைவண்ணம் உண்டு. ஒரு முறை அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று காலை பத்து மணிக்குப் பொதுக்குழு வைத்தார்கள். மதுரைக்காரன் எவன் வருவான்? கோரம் இல்லை, அரை மணி நேரம் ஒத்திவைத்து, வந்த பதினோரு பேரை வைத்து நடத்திவிட்டார்கள். ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை என்று பைலா சொன்னதால் அது விதிப்படி சரியாகவே இருந்தது. இதற்கு மருந்து பைலாவைத் திருத்துவது ஒன்றே. ஒத்திவைப்பு குறைந்தது ஏழு நாள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கள்ளழகர் மேல் பழி போட முடியாது.

அறிகுறி: எல்லாப் பதவிக்கும் போட்டியின்றித் தேர்வு

போட்டியின்றி வருவது குற்றமில்லை. சின்னச் சங்கத்தில் செயலாளர் பதவியை யார் தலையில் கட்டுவது என்றுதான் பலமுறை தேடுவோம். ஆனால் மனுக்கொடுத்தவர்கள் இருந்து, பரிசீலனையில் எல்லோரும் தள்ளுபடி ஆகி, ஒரே அணி மிஞ்சினால் தள்ளுபடிக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முன்மொழிந்தவர் கையெழுத்து இல்லை, சந்தா பாக்கி, வைப்புத்தொகை கட்டவில்லை போன்ற காரணங்கள் பைலாவில் இருந்தால் ஏற்க வேண்டியதுதான். "சங்க நலனுக்கு விரோதமானவர்" என்பது காரணமாகாது. அப்படி ஒரு தள்ளுபடிச் சீட்டை நானே பார்த்திருக்கிறேன். யார் எழுதியது என்று கேட்டால் தேர்தல் அலுவலர் கூச்சத்தோடு தலைவரைப் பார்த்தார்.

தள்ளுபடி ஆனவுடன் தடை வாங்க ஓடுவது பழக்கம். நடந்துகொண்டிருக்கும் தேர்தலில் நீதிமன்றங்கள் லேசில் கை வைக்காது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான வழக்கில் 1952-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனுவாக வா என்பது. அது சட்டமன்றத் தேர்தலுக்கான அரசியலமைப்பு விதியை ஒட்டிய தீர்ப்பு. ஆனாலும் தேர்தலைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்ற அந்தச் சிந்தனை சங்கத் தேர்தல் வழக்குகளிலும் எதிரொலிக்கும். எனவே ஆட்சேபத்தைப் பதிவு செய்து ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

அறிகுறி: கையெழுத்து 112, பெட்டியில் 115

எண்ணத் தொடங்குமுன்பே தெரிந்தால் நல்லது. எண்ணும் வரிசை இப்படி: அச்சடித்த சீட்டு எத்தனை, கொடுத்தது எத்தனை, மிச்சம் எத்தனை, கையெழுத்து எத்தனை, பெட்டியில் எத்தனை. இந்த ஐந்தையும் எழுதி முகவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகே சீட்டைப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் தெரிந்தால் ஜெயித்தவன் மறுக்கிறான், தோற்றவன் கத்துகிறான்.

மூன்று சீட்டு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். தலைவர் 40 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்றால் அந்த மூன்றும் முடிவை மாற்றவில்லை. குறிப்பெழுதிவிட்டு அறிவிக்கலாம், பின்னால் யாரும் அசைப்பது கடினம். பொருளாளர் 2 ஓட்டில் ஜெயித்தார் என்றால் அந்தப் பதவிக்கு மட்டும் மறு ஓட்டுப்பதிவு. முழுத் தேர்தலையும் குப்பையில் போட வேண்டியதில்லை. சீட்டுகளையும் கையெழுத்துப் பட்டியலையும் உறையில் போட்டு, இரு தரப்பும் ஒட்டின இடத்தில் கையெழுத்திட்டு, குறைந்தது அடுத்த பொதுக்குழு வரை வையுங்கள்.

அறிகுறி: பேங்க் செக்கைத் திருப்பிவிட்டது, இரண்டு பேர் தலைவர் என்கிறார்கள்

தேர்தல் முடிந்ததும் புதிய குழுவின் விவரத்தைப் படிவம் 7-ல் மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பேங்க் மேலாளர் கேட்பது அந்த நகலைத்தான். தாக்கல் செய்யாமல் மாலை மரியாதையோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிறைய. அப்படி என்றால் கோளாறு சின்னது: தாமதத்துக்குரிய கட்டணத்தைக் கட்டித் தாக்கல் செய்யுங்கள்.

இரண்டு அணியும் ஆளுக்கொரு படிவம் 7 கொடுத்திருந்தால்தான் நிஜமான தலைவலி. இங்கே எல்லோரும் செய்கிற தவறு, பதிவாளர் தீர்ப்பு சொல்வார் என்று காத்திருப்பது. அவர் மேலெழுந்தவாரியாகப் பார்த்து எதைக் கோப்பில் ஏற்பது என்று முடிவு செய்வார், அவ்வளவுதான். தேர்தல் செல்லுமா செல்லாதா என்று அவர் தீர்மானிக்க முடியாது, அது உரிமையியல் நீதிமன்ற வேலை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பதிவாளர் உத்தரவை எதிர்த்து ஒத்தக்கடை பக்கம் உள்ள மதுரைக் கிளைக்கு ரிட் (அதிகாரிகளின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போனாலும், பெரும்பாலும் "சிவில் கோர்ட்டுக்குப் போ" என்ற வரியோடுதான் திரும்பி வருவீர்கள். ஆண்டுக்கணக்கில் ரிட்டிலேயே சுற்றிய ஒரு சங்கத்தில், முடிவு வருவதற்குள் சண்டை போட்ட குழுவின் பதவிக்காலமே முடிந்துவிட்டது.

சிவில் வழக்கு என்றால் எல்லா உறுப்பினரையும் பிரதிவாதியாக்கத் தேவையில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 1 விதி 8-ன் கீழ் சிலர் பலருக்காக வழக்காடலாம். வழக்கு முடியும்வரை கணக்கு முடங்கி வாட்ச்மேன் சம்பளம் நிற்காமலிருக்க, இரு தரப்பிலும் ஒருவர் சேர்ந்து கையெழுத்திடுவது என்று எழுதி பேங்கில் கொடுத்துவிடுங்கள். இதை வக்கீல்கள் சொல்ல மாட்டார்கள், அனுபவப்பட்ட பொருளாளர்கள் சொல்வார்கள்.

அறிகுறி: ஏழு வருடமாக அதே குழு

சட்டத்தின் 15-வது பிரிவுப்படி குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. திரும்பவும் தேர்ந்தெடுக்கப்படலாம்; தேர்ந்தெடுக்கப்படாமலே தொடர முடியாது. பைலாவில் ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் சட்டம்தான் நிற்கும்.

முதலில் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி, பைலா கேட்கிற எண்ணிக்கையில் கையெழுத்தோடு கோரிக்கை கொடுங்கள். அசையவில்லை என்றால் 36-வது பிரிவு. மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் பதிவாளர் சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை பற்றி விசாரிக்கலாம். குழுவில் பெரும்பான்மையினர் கேட்டாலும் விசாரிக்கலாம், அவர் தாமாகவும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்கு என்று எண்ண மொத்தம் எத்தனை என்று தெரிய வேண்டுமே? பார்த்தீர்களா, மறுபடி உறுப்பினர் பதிவேடு. செத்துப்போனவர்களையும் மூடிய யூனிட்டுகளையும் பட்டியலில் வைத்திருப்பதன் இன்னொரு பயன் இது: மூன்றில் ஒரு பங்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

குழுவே இல்லை என்ற நிலை வந்தால் 34-ஏ பிரிவில் சிறப்பு அலுவலர் போட வழியுண்டு. அதைக் கடைசியாக வையுங்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு நம் சங்கம் இன்னொரு கோப்பு, நமக்கு அது தொழிற்பேட்டைத் தண்ணீர், ரோடு, கரண்ட் எல்லாம்.

அறிகுறி: கணக்குக் கேட்டால் கோபப்படுகிறார்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், மார்ச்சில் முடித்தால் செப்டம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்குழுவில் தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும். அது தாக்கலாகியிருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும், செயலாளரிடம் கெஞ்ச வேண்டாம். தாக்கலாகவில்லை என்றால் உங்கள் 36-வது பிரிவு மனுவில் முதல் பத்தி தயார்.

அறிகுறி: கேள்வி கேட்டவரை நீக்கிவிட்டார்கள்

நீக்கும் அதிகாரம் பைலாவில் இருக்க வேண்டும், பைலா சொன்ன அமைப்பே நீக்க வேண்டும், குற்றச்சாட்டைத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். ஃப்ரீமேசன் லாட்ஜ் ஒன்றிலிருந்து நீக்கப்பட்டவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே இந்த அளவுகோலை வைத்துவிட்டது. அந்த வழக்கில் நீக்கப்பட்டவர் தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நடைமுறை சரியாக இருந்தால் நீக்கம் சரியா தப்பா என்ற ஆராய்ச்சிக்குள் நீதிமன்றம் போகாது. எனவே விளக்க நோட்டீஸ் வந்தால் ரோஷத்தில் கிழித்துப் போடாமல், குறித்த நாளுக்குள் பதில் அனுப்புங்கள்.

நோட்டீஸே இல்லாமல், "சந்தா கட்டாததால் உறுப்பினர் இல்லை" என்று ஓசையில்லாமல் பெயரை எடுப்பதுதான் வழக்கமான முறை. சந்தாவை வாங்கவும் மறுப்பார்கள். செக் எழுதி, எந்த ஆண்டுக்கு என்று ஒரு கடிதம் வைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். "வாங்க மறுப்பு" என்று எழுதித் திரும்பி வரும். வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே பீரோவில் வையுங்கள்.